இறக்கத்தில் அணைக்காதே

கரும்பு ட்ராக்டரின் பின்னால் தொங்கிய சோகைத் தழை கரீமின் முகத்தில் அறைந்தது. தலையைக் குனிந்துகொண்டு புல்லட்டை வலது பக்கம் ஒடித்தான். எதிரே கச்சிராயபாளையத்துப் பஸ். ட்ராக்டருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடம்தான் இருந்தது. நுழைந்துவிட்டான்.

"சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" டிரைவரின் கத்தல் காற்றோடு போயிற்று.

சாவதற்கு இல்லை. மலைமேல் ஒருவன் சாகாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஓட்டம். அந்த ஒருவனுக்கு இப்படி ஒரு சாவை ஏற்பாடு செய்து வைத்ததும் கரீம்தான்.

புல்லட் அவனுடையது இல்லை. கள்ளக்குறிச்சியில் அவன் பட்டறைக்கு ஆயில் மாற்ற வந்த மளிகைக்கடை முதலாளியின் வண்டி. கேட்க நேரமில்லை. சட்டைப் பையில் ஒரு பிஸ்டன் கனத்துக்கொண்டிருந்தது. பக்கமெல்லாம் வரிவரியாகச் சுரண்டி, இழுபட்டு, அலுமினியம் உருகி வழிந்த பிஸ்டன்.

காலையில் ரிஷிவந்தியம் விதை வியாபாரி அரங்கநாதன் தன் டூ-ஸ்ட்ரோக் பைக்கை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தாடையில் கட்டு, முழங்கையில் கட்டு.

"மலையிலேர்ந்து எறங்கும்போது திடீர்னு பின்சக்கரம் நின்னுபோச்சு பாய். என்னைத் தூக்கி ஒரே வீசு. நான் வேகமாக்கூட வரல. பெட்ரோல மிச்சம் பண்ணலாம்னு கியர்ல போட்டு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுதான் வந்தேன்."

எஞ்சினைப் பிரித்து பிஸ்டனைக் கையில் எடுத்தான் கரீம். அவன் கண்முன் வந்தது அரங்கநாதனின் வண்டி அல்ல. எருமை.

எருமை என்பது மலை ஜனங்கள் வைத்த பேர். கல்வராயன் மலையில் வைத்தியம் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் போகும்போது விட்டுச்சென்ற பழைய மோட்டார் சைக்கிள். பருத்த டயர். முன்சக்கரத்துக்கும் இழுவை உண்டு. பாறையானாலும் சேறானாலும் ஏறும். கியர் போட வேண்டாம், கிளட்ச் பிடிக்க வேண்டாம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் போதும், உள்ளே பெல்ட்டும் புல்லியும் தாங்களாகவே ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி மாறிக்கொள்ளும். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன சின்னதுரை ஓட்டக்கூடிய ஒரே வண்டி இந்த மலையில் அதுதான். மலை மருந்தகத்துக்கு மருந்துப் பெட்டி சுமப்பதும், தடம் இல்லாத ஊர்களிலிருந்து நோயாளிகளைப் பின்னால் உட்காரவைத்து ரோட்டுக்குக் கொண்டுவருவதும் அவன் வேலை.

அதைச் சாகவிடாமல் வைத்திருந்தது கரீமின் பட்டறை. பெல்ட் கிடைக்காதபோது ரைஸ் மில் பெல்ட்டைச் சீவி மாட்டினான். கிளட்ச் தேய்ந்தபோது உளுந்தூர்பேட்டையில் லாரி லைனிங் வாங்கி ரிவெட் அடித்தான். கூட நின்று வேலை செய்வது தம்பி உமர் பாரூக். கை பேசும், வாய் பேசாது. அவனிடம் ஒரு வார்த்தை வாங்க ஸ்பேனர்தான் போட வேண்டும் என்று பட்டறையில் கேலி செய்வார்கள்.

எருமையிடம் ஒரே ஒரு குறை. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டில் ஓடுமே, அதுபோல ஒரு ஃப்ரீவீல் அதன் உள்ளே இருந்தது. அதனால் இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. பாரம் முழுக்க பிரேக்கின் மேல். போன மழைக்காலத்தில் பிரேக் கட்டை கருகிப்போய் சின்னதுரை புதருக்குள் விழுந்தான். முள் அவனைக் காப்பாற்றியது.

"இதுக்கு ஒரு முடிவு கட்றேன் பாரு," என்று சொன்ன கரீம், ஃப்ரீவீலில் துளை போட்டு ஆணிபோல இரண்டு எஃகு பின் அடித்து இறுக்கிவிட்டான். அதன்பிறகு இறக்கத்தில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்தி விளக்கினான். பாரூக் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை.

அரங்கநாதனின் பிஸ்டன்தான் சொன்னது. எருமையும் டூ-ஸ்ட்ரோக்தான். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பெட்ரோலோடு கலந்துதான் ஆயில் போகும். பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. ஓட்டத்திலேயே எஞ்சினை அணைத்து, சக்கரத்தின் வேகத்தில் அதைச் சுற்றவிட்டால் உள்ளே வெறும் உலோகம் உரசும். உரசிச் சுடும். சுட்டுப் பிடிக்கும். பிடித்தால் பின்சக்கரம் அங்கேயே நிற்கும். வெளிநாட்டுக்காரன் அந்த ஃப்ரீவீலை விளையாட்டுக்கு வைக்கவில்லை.

சின்னதுரையோ இறக்கம் கண்டாலே எஞ்சினை அணைப்பவன். மலையில் எல்லோரும் அப்படித்தான். மருந்தகம் அளந்து கொடுக்கும் பெட்ரோல் ஏற்றத்துக்கே போதாது.

பாரூக் விடிந்ததும் பேரிங் வாங்க உளுந்தூர்பேட்டை போயிருந்தான். கரீம் பட்டறையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் புல்லட்டை உதைத்தான்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. வனத்துறை செக்போஸ்ட்டில் கட்டை குறுக்கே கிடந்தது.

"சின்னதொரை எறங்கிட்டானா?"

காவலர் பீடியை வாயிலிருந்து எடுக்கவில்லை. "எருமையா? ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல. இன்னா பாய், மூஞ்செல்லாம் பேயறஞ்சாப்ல கீது? பொண்ணு கின்னு பாக்கப் போறியா?"

"கட்டையத் தூக்குய்யா!"

வெள்ளிமலையில் மருந்தகத்து வாசலில் நர்ஸ் கண்ணகி ஜீப் டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தாள். கரீமைப் பார்த்ததும் அவளே ஓடிவந்தாள்.

"பாய், நல்ல நேரத்துல வந்தீங்க. நெல்லிக்காட்டுப்பட்டியில இருசம்மாவைக் கண்ணாடிவிரியன் கடிச்சிடுச்சி. மரவள்ளி புடுங்கிக்கினு இருந்தவ. எங்கிட்ட வெஷமுறிவு ஊசி இல்ல, கீழதான் கொண்டு போவணும். சின்னதொரை அழைச்சாரப் போயிருக்காரு. ஜீப்பை ஓடைகிட்ட நிறுத்தச் சொல்றேன், இந்த ஆளு டீ குடிச்சிட்டு வரேன்றாரு!"

"போய் எவ்ளோ நேரமாச்சு?"

"இந்நேரம் அங்கேர்ந்து கெளம்பியிருப்பாரு. ஏன் பாய்? இன்னா ஆச்சு?"

கரீம் புல்லட்டைத் திருப்பினான். நெல்லிக்காட்டுப்பட்டியிலிருந்து ஓடைக்கு வரும் தடம் அவனுக்குத் தெரியும். ஆட்டுக்கல் சரிவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் ஆகாயம். தனி ஆளாக வந்தாலே நெஞ்சு அடைக்கும். இன்று பின்னால் ஒரு பெண்.

ஓடைவரைதான் புல்லட் போனது. அதற்குமேல் உருண்டைக் கல்லும் வேரும். வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினான். வயிறும் வயசும் இடம் கொடுக்கவில்லை. செருப்பு ஓரிடத்தில் அறுந்தது, விட்டுவிட்டு ஓடினான். ஒவ்வொரு திருப்பத்திலும் காதைத் தீட்டிக்கொண்டான். எஞ்சின் சத்தம் கேட்டால் நல்லது. கேட்காமல் வண்டி மட்டும் வந்தால்?

"அல்லா, அந்த மோட்டார் சத்தத்தை மட்டும் கேக்க வையி."

கேட்டது. சரிவின் உச்சியில், மரக்கிளைகளுக்கு நடுவே, எருமையின் உறுமல். கரீம் கைகளை ஊன்றித் தவழ்ந்து மேலே ஏறினான்.

வண்டி இறங்குவதற்கு வாகாகத் திரும்பி நின்றிருந்தது. சின்னதுரையின் முதுகோடு இருசம்மாளைச் சேலையால் கட்டியிருந்தார்கள். அவள் தலை அவன் தோளில் கிடந்தது. கணுக்காலுக்கு மேல் துணி இறுக்கியிருந்தது, கால் விறகுக்கட்டையாக வீங்கியிருந்தது. பாவாடை என்ற அவள் புருஷன் பின்னால் நின்று அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர்.

"அணைக்காதே! எறங்காதே!"

சின்னதுரை அதிர்ந்துபோய்ப் பார்த்தான். "பாய்? நீ இங்க இன்னா பண்ற?"

"வண்டிய வுட்டு எறங்கு மொதல்ல."

"ஆளு மயங்கிக்கினு கீது பாய்! வழிய வுடு."

கரீம் பிஸ்டனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். மூச்சு வாங்க வாங்க, பாதி வார்த்தையை விழுங்கி, பாதியைத் துப்பிச் சொல்லி முடித்தான். பின் அடித்தது, ஆயில், பிடிப்பது, சக்கரம் நிற்பது. "நான் ஒனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சி எமனைச் சொருகி வுட்டுட்டேன்டா."

சின்னதுரை பிஸ்டனைப் பார்த்தான். சரிவைப் பார்த்தான். "நேத்தும் இப்டி அணைச்சிட்டுதான எறங்குனேன். ஒண்ணும் ஆவலியே?"

"நேத்து நீ ஒருத்தன். இன்னிக்கு ரெண்டு உசுரு பாரம்."

"புதுசுலதான் பாய் எறக்கத்துல புடிச்சி இழுத்துச்சி. இப்பல்லாம் தண்ணி கணக்கா எறங்குது. பழகிப்போச்சி வண்டிக்கு."

கரீம் பிஸ்டனை மறுபடி நீட்டினான். "பழகலடா. தேஞ்சுபோச்சு. உள்ள இருக்கறதெல்லாம் தேஞ்சு லூசாயிடுச்சு, அதான் லேசா சுத்துது. இதுக்கப்புறம் புடிக்கத்தான் போவுது. இன்னிக்கோ, நாளைக்கோ."

"அப்ப ஓடவுட்டே எறங்கறேன். ஆக்ஸிலேட்டர குடுத்துக்கினே."

கரீம் டாங்கின் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டினான். அடியில் ஏதோ நனைந்திருந்தது, அவ்வளவுதான். நடுச்சரிவில் தீர்ந்துபோகும். தீர்ந்தாலும் ஒன்றுதான், அணைத்தாலும் ஒன்றுதான். பெட்ரோல் கீழே புல்லட்டில் இருந்தது. சங்கிலியைக் கழற்றி வண்டியை வெறுமனே உருட்டலாம். கழற்ற ஸ்பேனரும் புல்லட்டில்தான். போய் எடுத்து வருவதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டே பாதி வழி போய்விடலாம்.

பாவாடைக்கு எஞ்சினும் தெரியாது, பிஸ்டனும் தெரியாது. அவன் இருவரின் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கரீமைப் பார்த்துக் கைகூப்பினான்.

"இந்த வண்டிய செஞ்சவரு நீங்கதான்றாங்க. எதுன்னாலும் வெரசா சொல்லுங்க. வண்டியா, தூளியா?"

எல்லோரும் கரீமைப் பார்த்தார்கள். இருசம்மாள் கண்ணைத் திறக்காமல் ஏதோ முனகினாள்.

"தூளி," என்றான் கரீம்.

கம்பளியின் இரண்டு முனைகளை மூங்கிலில் முடிந்து தூளி கட்ட அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. காலங்காலமாகக் கட்டிப் பழகிய கை. சின்னதுரையை வண்டியோடு விட்டுவிட்டு இறங்கினார்கள். சூம்பிய காலோடு அவன் அந்தச் சரிவில் நடக்க முடியாது.

கரீமும் தோள் கொடுத்தான். கல் வெறுங்காலைக் கிழித்தது. மூங்கில் தோளில் அழுந்தி அழுந்தி ஏறியது. எருமை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் தூரத்தை மனிதக் கால்கள் அங்குலம் அங்குலமாக அளந்தன. திருப்பத்துக்குத் திருப்பம் தூளியை இறக்கி, மூங்கிலைச் சாய்த்து, மறுபடி தூக்க வேண்டியிருந்தது. வெயில் பாறையில் பட்டு எதிரடித்தது.

பாதியில் இருசம்மாள் கண் விழித்தாள். பல் ஈறுகளில் ரத்தம் கசிந்திருந்தது.

"ஆட்ட வெயில்ல கட்டிப்புட்டு வந்துட்டேன்," என்றாள்.

"அவுத்து வுட்டாச்சி," என்றான் பாவாடை. அவிழ்க்கவில்லை. அவனுக்கு ஆட்டின் நினைவே இல்லை.

"தண்ணி காட்டு."

"காட்டறேன்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பாவாடையைக் கூப்பிட்டாள். இந்தமுறை பேர் மட்டும்தான் வந்தது. ஓடையின் சத்தம் காதில் விழத் தொடங்கிய இடத்தில், கீழே ஜீப்பின் பச்சைக் கூரை தெரிந்த இடத்தில், தூளி கனத்துவிட்டது. முன்னால் தூக்கியவன் முதலில் நின்றான். ஏன் நின்றான் என்று யாரும் கேட்கவில்லை.

கண்ணகி ஓடைக்கரையிலிருந்து ஓடிவந்து நாடி பார்த்தாள். கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு கரீமைப் பார்த்தாள். "வண்டியிலயே வந்திருந்தா..." என்று தொடங்கி, அவன் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

பாவாடை அழவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் முகத்தைக் கம்பளியால் மூடினான். பிறகு எழுந்து கரீமிடம் வந்தான்.

"நர்ஸம்மா சொல்றத மனசுல வைக்காதீங்க பாய். நீங்க ஓடியாரலன்னா இவளும் போயி, சின்னதொரையும் போயிருப்பான். அவனுக்கும் வூட்டுல பொஞ்சாதி காசியம்மா கீறா, புள்ளைங்க கீது. ஒரு உசுரயாச்சும் காப்பாத்திக் குடுத்தீங்க."

கரீம் தலையை ஆட்டினான். அந்த வார்த்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இன்றைக்கு அவனிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஒரு உயிர். சின்னதுரை உயிரோடு மேலே உட்கார்ந்திருக்கிறான்.

தூளி வந்த வழியே திரும்பியது. ஜீப் காலியாகப் போயிற்று. போவதற்குமுன் டிரைவரிடம் கொஞ்சம் ஆயில் வாங்கி, புல்லட்டிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்துக் கலந்துகொண்டான் கரீம். தூளியின் பின்னாலேயே ஏறினான்.

சின்னதுரை வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். தூளி கீழிருந்து மேலே வருவதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் கடந்து போகும்வரை தலையைத் தூக்கவில்லை.

"அவ மூச்சு என் கழுத்துல சுட்டுக்கினே இருந்துச்சி பாய்," என்றான். "நல்லாத்தான் இருந்துச்சி மூச்சு."

கரீம் பெட்ரோலை ஊற்றினான். "நான் ஓட்டிக்கினு போறேன். நீ நெல்லிக்காட்டுப்பட்டியிலயே தங்கு, நாளைக்கு ஆள் அனுப்பறேன். இந்த வண்டி இனி ஒனக்கு வேணாம்."

"அப்ப எனக்கு வேற எது கீது, பாய்?"

கரீம் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினான்.

முதல் இறக்கத்தில் நிமிஷத்துக்கு ஒருமுறை ஆக்ஸிலேட்டரைத் திருகிக் கொடுத்தபடி, பிரேக்கை அழுத்திக்கொண்டு இறங்கினான். ஆயில் போகட்டும், உள்ளே காயாமல் இருக்கட்டும். ஆட்டுக்கல் சரிவின் செங்குத்தான இடம் வந்தது. ஒரு பக்கம் ஆகாயம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கை சோர்ந்தது. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்ன குரல் காதுக்குள் வந்தது.

புடிக்கட்டும், என்று நினைத்தான். ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டுவிட்டான். எஞ்சின் இப்போது அலற வேண்டும். வண்டியின் பாரத்தைத் தன் தலையில் வாங்கி, உறுமி, இழுத்துப் பிடிக்க வேண்டும். காய்ந்து, சுட்டு, நிற்க வேண்டும். அவன் கண்ணை மூடினான்.

எஞ்சின் அலறவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் வண்டிபோல 'டப் டப் டப்' என்று சாவதானமாகத் துடித்தது. சக்கரங்கள் மட்டும் ஓடின. ஒரு பிடிப்பும் இல்லாமல், ஒரு தடையும் இல்லாமல், வண்டி தண்ணீரைப்போல இறங்கியது.

கரீம் கண்ணைத் திறந்து பிரேக்கை அழுத்தினான். நின்றது. மறுபடி விட்டான். மறுபடி சக்கரம் தனி, எஞ்சின் தனி. சாவியைத் திருப்பி அணைத்தான். எஞ்சின் உடனே அடங்கியது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஓடைவரை அப்படியே, சத்தமே இல்லாமல், மூச்சு சுடும் ஒரு பெண்ணை அலுங்காமல் கொண்டுவந்து ஜீப்பில் சேர்த்திருக்கக்கூடிய பக்குவத்தில் இறங்கி வந்து நின்றது.

புல்லட்டின் பக்கத்தில் உமர் பாரூக் நின்றிருந்தான். உளுந்தூர்பேட்டையிலிருந்து திரும்பியவன், திறந்து கிடந்த பட்டறையில் அரங்கநாதனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கிடைத்த பஸ்ஸில் மலை ஏறியிருந்தான். கையில் பேரிங் பொட்டலம் அப்படியே இருந்தது. வழியில் கண்ணகியைப் பார்த்திருக்க வேண்டும். முகம் வெளுத்துக் கிடந்தது.

கரீம் அவனைப் பார்க்கவில்லை. புல்லட் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எருமையின் கவர் முன்னால் மண்டியிட்டான். நட்டில் ஸ்பேனர் உட்காரவில்லை.

"பின்னு ஒடஞ்சிருக்குதுடா," என்றான் தனக்குத்தானே. "என்னிக்கோ ஒடஞ்சிருக்குது. எனக்கு எப்டிடா தெரியும்? எஃகுடா அது. நான் அடிச்ச பின்னு எப்டிடா ஒடையும்?"

"ஒடையலண்ணே."

கரீம் நிமிர்ந்தான். பாரூக் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"போன மாசம் பெல்ட் மாத்தறதுக்கு நீ என்னை மேல அனுப்புன இல்ல, அப்பவே நான் அந்தப் பின்னை எடுத்துட்டேன். பழையபடி ஃப்ரீயா வுட்டுட்டு, பிரேக்குக்குப் புதுக் கட்டை போட்டுட்டு வந்தேன். நீ ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருந்த. செஞ்சது தப்புன்னு ஒன் மூஞ்சிக்கு நேரா எப்டிண்ணே சொல்றது?"